எல்ஃபுக்குச் சம்பளம் யார் கொடுப்பது?

போன டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. வீட்டு பிரிண்டரில் கருப்பு மை கடைசி மூச்சில் இருந்தது. இரண்டாம் வகுப்பு படிக்கும் மகள் பக்கத்தில் நின்றுகொண்டு, "இது வேணும்பா, இதுவும் வேணும்பா" என்று திரையைத் தொட்டுக் காட்டிக்கொண்டிருந்தாள். வகுப்பில் கிறிஸ்துமஸ் கொண்டாட்டமாம். ஆளுக்கு நாலு கலரிங் ஷீட் வீட்டிலிருந்து பிரிண்ட் எடுத்து வரச் சொல்லியிருந்தார்கள். இவளுக்கு எல்ஃப்தான் வேண்டும். கூர்மையான காது, கூம்புத் தொப்பி, நுனி சுருண்ட செருப்பு. கிறிஸ்துமஸ் தாத்தாவின் பட்டறையில் பொம்மை செய்கிற அந்தக் குட்டி ஆட்கள்.

நாலு என்பது பன்னிரண்டு ஆனது. பக்கங்கள் ஒவ்வொன்றாக வெளியே வர, வரிசையாகப் பரப்பி வைத்துப் பார்த்தவள் திடீரென்று கேட்டாள்.

"அப்பா, இவங்க எல்லாரும் வேலை பாத்துட்டே இருக்காங்களே, இவங்களுக்கு யாருப்பா சம்பளம் குடுக்குறது? சாண்டாவா?"

குனிந்து பார்த்தேன். ஒரு எல்ஃப் சுத்தியலால் மர ரயிலைத் தட்டுகிறது. ஒன்று பொம்மைக்குச் சாயம் அடிக்கிறது. ஒன்று பெட்டிக்கு ரிப்பன் கட்டுகிறது. ஒன்று தன் உயரத்துக்கு ஏழு பெட்டிகளை அடுக்கித் தூக்கிக்கொண்டு போகிறது. பன்னிரண்டில் பத்து எல்ஃபுகள் வேலையில் இருந்தன. எல்லாம் சிரித்த முகம்.

"தெரியலம்மா. பாத்துச் சொல்றேன்."

இந்த வலைப்பதிவைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும், நான் "பாத்துச் சொல்றேன்" என்று சொன்னால் அது எங்கே போய் முடியும் என்று. வார இறுதிகளில் கிடைத்த நேரத்தில் தேடியதைத்தான் இங்கே எழுதி வைக்கிறேன். ஒரு எச்சரிக்கை: நான் எல்ஃபைத் தேடித்தான் கிளம்பினேன். ஆனால் பாதி வழியில் அந்தக் கலரிங் ஷீட்டே பெரிய கதையாக வந்து நின்றது.

முதலில் எல்ஃப். தமிழில் இதற்கு என்ன சொல்வது என்று அகராதியைப் பார்த்தால் "குட்டிச்சாத்தான்" என்று வருகிறது. கேட்டதும் சிரிப்பு வந்தாலும், யோசித்தால் அவ்வளவு தப்பில்லை. நம் ஊர்க் குட்டிச்சாத்தானும் ஏவிய வேலையைச் செய்யும். ஆனால் அதோடு ஒரு ஒப்பந்தம் இருக்கிறது. வேலை கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஏவியவன் மேலேயே பாயும். ஐரோப்பாவின் பழைய எல்ஃபுகளும் அப்படித்தான். சும்மா வேலை செய்கிற ஆட்கள் இல்லை.

ஸ்வீடனில் தொம்தே என்று ஒரு வீட்டுக் குள்ளன் உண்டு. நார்வேயிலும் டென்மார்க்கிலும் அவனுக்கு நிஸ்ஸே என்று பெயர். பண்ணையைக் காப்பான், மாட்டுக்கும் குதிரைக்கும் தீனி சரியாகப் போகிறதா என்று பார்ப்பான். பதிலுக்குக் கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு அவனுக்கு ஒரு கிண்ணம் கஞ்சி வைக்க வேண்டும், மேலே வெண்ணெய் இட்டு. இதைப் பற்றி அங்கே ஊருக்கு ஊர் சொல்லும் ஒரு கதை உண்டு. பண்ணைப் பெண் ஒருத்தி விளையாட்டாக வெண்ணெயைக் கிண்ணத்தின் அடியில் வைத்து மேலே கஞ்சியை ஊற்றிவிட்டாள். வெண்ணெய் இல்லை என்று நினைத்த குள்ளன் கோபத்தில் தொழுவத்துக்குப் போய் நல்ல பசு ஒன்றை அடித்துக் கொன்றுவிட்டான். திரும்பி வந்து கஞ்சியைக் குடித்தால் அடியில் வெண்ணெய். செய்த தப்பு உறைத்ததும், வேறு பண்ணையிலிருந்து அதே மாதிரி பசு ஒன்றைக் கொண்டுவந்து கட்டினானாம். கூலி ஒரு ஸ்பூன் வெண்ணெய்தான். ஆனால் அது கூலி. பாக்கி வைக்க முடியாது.

ஜெர்மனியில் கிரிம் சகோதரர்கள் 1812இல் அச்சிட்ட தொகுப்பில், ராத்திரியில் வந்து ஏழைச் செருப்புத் தொழிலாளிக்குச் செருப்பு தைத்துக் கொடுக்கும் குள்ளர்கள் கதை இருக்கிறது. நம் பிள்ளைகளும் ஆங்கிலப் பாடப்புத்தகத்தில் படிக்கிற கதைதான். பலர் கவனிக்காத ஒரு விவரம், அந்தக் கதையில் முக்கியமான ராத்திரி வருவது கிறிஸ்துமஸுக்குச் சற்று முன்னால். ஒளிந்திருந்து பார்க்கும் செருப்புக்காரரும் மனைவியும், அந்தக் குள்ளர்கள் உடம்பில் துணியே இல்லாமல் வேலை செய்வதைப் பார்த்துச் சங்கடப்படுகிறார்கள். ஆளுக்கொரு சட்டை, செருப்பு செய்து வைக்கிறார்கள். குள்ளர்கள் போட்டுக்கொண்டு ஆடிப் பாடிவிட்டுப் போனவர்கள்தான், திரும்பவில்லை. கணக்கு முடிந்தது.

ஜெர்மன் மூலத்தில் இவர்கள் பெயர் விக்டல்மேனர். அதை ஆங்கிலத்தில் "எல்ஃப்" ஆக்கியவர் எட்கர் டெய்லர் என்ற லண்டன் வழக்கறிஞர். அவருடைய மொழிபெயர்ப்பின் முதல் தொகுதியில் பதிப்பு ஆண்டு 1823. அதே 1823 டிசம்பர் 23ஆம் தேதி, அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் டிராய் என்ற ஊர்ப் பத்திரிகையில் பெயரில்லாமல் ஒரு கவிதை வந்தது. கிறிஸ்துமஸ் இரவில் செயின்ட் நிக்கோலஸ் புகைபோக்கி வழியாக வீட்டுக்குள் இறங்கும் கவிதை. பிற்பாடு கிளெமென்ட் கிளார்க் மூர் தன்னுடையது என்று தொகுப்பில் சேர்த்துக்கொண்டது. எழுதியவர் வேறு ஒருவர் என்ற வழக்கும் இன்றுவரை ஓடுகிறது, அதற்குள் போனால் இந்தப் பதிவு முடியாது. நமக்கு வேண்டியது ஒன்றுதான். அந்தக் கவிதையில் எல்ஃப் என்று சொல்லப்படுவது சாண்டாவே. வேலையாட்கள் யாரும் கிடையாது. ஒரு குட்டி வண்டி, குட்டி மான்கள், குட்டியான ஒரு கிழவர். அவர் ஒருவரே எல்லாம்.

அப்படியானால் முதலாளி எல்ஃப் எப்போது வளர்ந்து பெரிய ஆளானார், தொழிலாளி எல்ஃபுகள் எப்போது வந்து சேர்ந்தன?

1857 டிசம்பரில் ஹார்ப்பர்ஸ் வீக்லி பத்திரிகையில் வந்த ஒரு கவிதையில் சாண்டாவிடம் பல எல்ஃபுகள் வேலை செய்கின்றன. பொம்மை, கேக், இனிப்பு எல்லாம் அவை செய்கின்றன. ஆனால் இது உடனே நிலைத்துவிடவில்லை. அதே பத்திரிகையில் 1866 டிசம்பர் 29 இதழில் தாமஸ் நாஸ்ட் இரண்டு பக்கத்துக்கு விரித்து வரைந்த புகழ்பெற்ற படத்தைப் பாருங்கள் (இணையத்தில் எளிதாகக் கிடைக்கும்). சாண்டாவின் வேலைகளைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் போட்டிருப்பார். பொம்மை செய்கிறார், நல்ல பிள்ளை கெட்ட பிள்ளை என்று பேரேடு எழுதுகிறார், தொலைநோக்கியில் பிள்ளைகளைக் கவனிக்கிறார். எல்லாம் அவரே. ஒரு கைவினைஞரின் ஒற்றை ஆள் பட்டறை. எங்கள் துறையில் சொல்வதானால், கோடு எழுதுவதும் அவர், டெஸ்ட் செய்வதும் அவர், டெலிவரிக்குப் போவதும் அவர்.

ஏழு வருடம் கழித்து, 1873 டிசம்பர். கோடீஸ் லேடீஸ் புக் என்று அமெரிக்காவில் பெண்கள் மத்தியில் பெரிய அளவில் விற்ற மாத இதழ். அதில் "சாண்டா கிளாஸின் பட்டறை" என்று ஒரு படம். சாண்டா நடுவில் உட்கார்ந்திருக்க, சுற்றிலும் பொம்மைகள், எல்ஃபுகள். இன்று நாம் பிரிண்ட் எடுக்கும் காட்சியின் கொள்ளுத்தாத்தா இந்தப் படம்தான். அமெரிக்கக் கிறிஸ்துமஸின் வரலாற்றை எழுதிய பென்னி ரெஸ்டட், இந்தப் பட்டறைப் படங்களைத் தொழிற்சாலைகள் பெருகிய காலத்தோடு சேர்த்துத்தான் பார்க்கிறார்.

அந்த வருடத்தைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். 1873 செப்டம்பரில் ஜே குக் என்பவரின் வங்கி கவிழ்ந்து அமெரிக்காவில் பெரும் பொருளாதார நெருக்கடி தொடங்கியிருந்தது. அந்தக் கிறிஸ்துமஸ் முடிந்து மூன்று வாரத்துக்குள், 1874 ஜனவரி 13 அன்று, நியூயார்க்கின் டாம்ப்கின்ஸ் சதுக்கத்தில் வேலை கேட்டுக் கூடியவர்களை குதிரைப் போலீஸ் தடியால் அடித்துக் கலைத்தது. படத்தில் பட்டறை நிறைய வேலை, எல்லார் முகத்திலும் சந்தோஷம். வெளியே தெருவில் வேறு காட்சி. இந்தப் படத்தை வரைந்தவர் திட்டம் போட்டு எதையோ மறைத்தார் என்று நான் சொல்லவில்லை. அப்படியெல்லாம் யாரும் யோசித்து வரைவதில்லை. ஆனால் கடையில் வாங்கிய பொம்மைக்கு ஒரு பூர்வ கதை தேவைப்பட்டது என்பது உண்மை. ஸ்டீபன் நிசன்பாம் தன் புத்தகத்தில் இதை விரிவாகவே வாதிடுகிறார். பரிசு சந்தையிலிருந்து வந்தது என்பதைப் பிள்ளைகளிடமிருந்தும், கொஞ்சம் பெற்றோர் தங்களிடமிருந்தும், மறைக்க சாண்டா உதவினார் என்கிறார் அவர்.

சரி, அந்தப் பொம்மைகள் நிஜத்தில் எங்கிருந்து வந்தன? வட துருவத்திலிருந்து இல்லை. பெரும்பகுதி ஜெர்மனியிலிருந்து. துரிங்கியா என்கிற மலைக்காட்டுப் பகுதியில் சோன்னபெர்க் என்று ஒரு ஊர். முதல் உலகப் போருக்கு முன்னால் உலகப் பொம்மை வணிகத்தின் தலைநகர் அதுதான். காகிதக்கூழ் பொம்மைகளைச் சுற்றியுள்ள கிராமங்களில் வீடு வீடாகச் செய்தார்கள். தலை செய்வது ஒரு வீடு, கண் வைப்பது ஒரு வீடு, சட்டை தைப்பது இன்னொரு வீடு. பக்கத்திலேயே லௌஷா என்ற இன்னொரு ஊரில் கிறிஸ்துமஸ் மரத்தில் தொங்கவிடும் கண்ணாடிக் குண்டுகள். அப்பா விளக்குச் சுடரில் கண்ணாடியை ஊதுவார், அம்மா உள்ளே வெள்ளிக் கரைசல் ஊற்றிக் குலுக்குவார், பிள்ளைகள் அரக்குச் சாயத்தில் முக்கியெடுத்துத் தூரிகையால் கோடும் பூவும் போட்டு மூடி மாட்டுவார்கள். 1880இல் அமெரிக்காவின் மலிவுக் கடைக்காரர் எஃப். டபிள்யூ. வுல்வொர்த் தயங்கித் தயங்கி வெறும் 25 டாலருக்கு இந்தக் குண்டுகளை வாங்கிப் போட்டார். இரண்டு நாளில் தீர்ந்துவிட்டது என்று பிற்பாடு அவரே சொல்லியிருக்கிறார். அதன்பின் அவர் வாங்கிய அளவு வேறு.

ஆக, குள்ளமான உருவங்கள் ராத்திரி விளக்கொளியில் சுற்றி உட்கார்ந்து பொம்மைக்குச் சாயம் அடிக்கும் காட்சி கற்பனை இல்லை. காது மட்டும்தான் கற்பனை.

இங்கே நிறுத்தியிருந்தால் இது எல்ஃப் பற்றிய பதிவாக முடிந்திருக்கும். ஆனால் மேசை மேல் கிடந்த பன்னிரண்டு தாள்கள் இன்னொரு கேள்வியைக் கேட்டன. கோட்டோவியத்தை மட்டும் அச்சிட்டு, வண்ணத்தைப் பிள்ளைகளிடம் விடுவது எப்போது தொடங்கியது? விளையாட்டு என்று அதை யார் முதலில் நினைத்தார்கள்?

விடை தேடப் போனபோது கிடைத்ததுதான் இந்த ஆண்டின் எனக்கான புதையல். ஆண்ட்ரூ டூயர் என்று ஒரு லண்டன் பதிப்பாளர். பழைய சிறுவர் புத்தகங்களைச் சேகரிப்பதில் பித்துப் பிடித்தவர். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் அவர் கொண்டுவந்த ஒரு தொகுப்பின் முன்னுரையில், அந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் சிறுவர் புத்தகப் படங்களுக்கு எப்படி வண்ணம் ஏற்றினார்கள் என்று விவரிக்கிறார். அப்போது வண்ண அச்சு கிடையாது, அதாவது மலிவாகக் கிடையாது. கருப்புக் கோட்டோவியம் மட்டும் அச்சாகும். அந்தத் தாள்களைப் பதின்ம வயதுப் பிள்ளைகள் முன்னால் கட்டுக் கட்டாக வைப்பார்கள். மேசையைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் அவர்களில் ஒவ்வொருவருக்கும் ஒரு சின்னக் கிண்ணம், அதில் ஒரே ஒரு வண்ணம். முன்னால் மாதிரிக்கு ஒரு தாள். ஒரு பிள்ளை சிவப்பு வரவேண்டிய இடத்தில் எல்லாம் சிவப்பு வைத்து அடுத்த பிள்ளைக்குத் தள்ளும். அது மஞ்சள் வைத்து அடுத்ததற்குத் தள்ளும். இப்படியே கடைசி வண்ணம் வரை. வேகமும் துல்லியமும் ஆச்சரியமாக இருக்கும் என்று டூயர் பாராட்டுகிறார்.

இதைப் படித்ததும் கொஞ்ச நேரம் திரையை மூடிவிட்டு உட்கார்ந்திருந்தேன். நான் வளர்ந்தது கோவில்பட்டிப் பக்கம். எண்பதுகளில் எங்கள் தெருவில் சாயங்காலம் ஆனால் பல வீட்டுத் திண்ணைகளில் தீப்பெட்டி ஒட்டுகிற வேலை நடக்கும். கூலி குரோஸ் கணக்கு. ஒரு குரோஸ் என்றால் 144. ஒருத்தர் மடிப்பது, ஒருத்தர் பசை தடவுவது, ஒருத்தர் லேபிள் ஒட்டுவது. என்னோடு படித்த பசங்கள் கை பார்க்காமலே ஒட்டும், வாய் பாட்டுக்குக் கதை பேசிக்கொண்டிருக்கும். எனக்கு அப்போது அது பொறாமையாக இருந்தது. ஏதோ விளையாட்டு, நம் வீட்டில் இல்லையே என்று. அந்த வேகத்தை நான் பார்த்திருக்கிறேன். டூயர் எதைப் பாராட்டுகிறார் என்று எனக்குத் தெரியும்.

அதாவது, நாம் இன்று கலரிங் ஷீட் என்று சொல்லும் அந்தப் பொருள், கருப்புக் கோடு மட்டும் உள்ள தாள், முதலில் ஒரு அரைகுறைத் தயாரிப்பு. தொழிற்கூடத்தில் ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்துக்குப் போகும் சரக்கு. பிள்ளைகள் அதைக் கையில் எடுத்தது கூலிக்கு. (வசதியான பெரியவர்கள் பொழுதுபோக்காக வண்ணம் தீட்டியதும் உண்டு. 1760 வாக்கிலேயே லண்டனில் ராபர்ட் சேயர் பூக்களின் கோட்டோவியங்களை அதற்கென்றே புத்தகமாக விற்றார். ஆனால் அது வேறு வர்க்கத்தின் கதை.)

அரைகுறைச் சரக்கு எப்படி விளையாட்டுப் பொருளாயிற்று? இதற்கு லண்டனில் ஒரு விலைப்பட்டியலே சாட்சி இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் அங்கே பையன்கள் மத்தியில் அட்டை நாடகம் பெரிய மோகம். நாடகப் பாத்திரங்கள், திரைச்சீலைகள் எல்லாம் தாளில் அச்சாகி வரும். வெட்டி ஒட்டி வீட்டிலேயே மேடை போடலாம். கடையில் வண்ணம் இல்லாத தாள் ஒரு பென்னி, வண்ணம் ஏற்றியது இரண்டு பென்னி. அந்த வித்தியாசமான ஒரு பென்னிதான் வண்ணம் ஏற்றிய கைகளின் விலை. காசு குறைவாக இருந்த பையன் வெறும் தாளை வாங்கி வீட்டில் தானே தீட்டிக்கொண்டான். பிறகு, தீட்டுவதுதான் முக்கால்வாசிச் சந்தோஷம் என்று கண்டுகொண்டான். ராபர்ட் லூயிஸ் ஸ்டீவன்சன் 1884இல் இந்த ஒரு பென்னி, இரண்டு பென்னியைத் தலைப்பாகவே வைத்துத் தன் சிறுவயது நினைவை ஒரு கட்டுரையாக எழுதினார். அவர் வெறும் தாள் கட்சி. வண்ணம் ஏற்றியதைக் காசு கொடுத்து வாங்கும் பிள்ளையை அவரால் முழுதாக மன்னிக்க முடியவில்லை.

எனக்கு இது மென்பொருள் உலகில் நன்றாகப் பழக்கமான விஷயம். ஒரு கட்டத்தின் வேலையை வாடிக்கையாளரிடமே தள்ளிவிட்டு, அதை ஒரு வசதியாக விற்பது! ஆனால் இங்கே அது ஏமாற்று இல்லை. ஒரே செயல், சிவப்பை சிவப்பு வரவேண்டிய இடத்தில் வைப்பது. ஒரு மேசையில் அது கூலி வேலை, இன்னொரு மேசையில் அது சந்தோஷம். செயலில் வித்தியாசம் இல்லை. நிறுத்திக்கொள்ளலாம் என்பதில்தான் வித்தியாசம்.

பதிப்பாளர்கள் சீக்கிரமே பிடித்துக்கொண்டார்கள். 1879இல் லண்டனின் கேஸல் நிறுவனம் கேட் கிரீனவே வரைந்த கோட்டோவியங்களை வைத்துப் பிள்ளைகளுக்கென்றே ஒரு வண்ணம் தீட்டும் புத்தகம் போட்டது. அமெரிக்காவில் இந்த வகைப் புத்தகத்தைப் பெருந்தொழிலாக்கியவர்கள் நியூயார்க்கின் மெக்லாஃப்லின் பிரதர்ஸ். கிரீனவேயின் படங்களையும் அவர்கள் எடுத்துப் போட்டார்கள். வெளிநாட்டு எழுத்தாளர், ஓவியர்களுக்கு அமெரிக்கச் சட்டத்தில் 1891 வரை காப்புரிமைப் பாதுகாப்பே கிடையாது. இன்று இலவச பி.டி.எஃப் தளங்களில் யாருடைய படம் யாரிடம் இருக்கிறது என்று கேட்காமல் இருக்கிறோமே, அந்த வழக்கம் அவ்வளவு பழையது.

இந்த மெக்லாஃப்லின் பெயரைப் பார்த்ததும் எங்கேயோ பார்த்த ஞாபகம். குறிப்புகளைப் புரட்டினால், ஆமாம். 1869 வாக்கில் நாஸ்டின் சாண்டா படங்களை வண்ணத்தில், ஜார்ஜ் வெப்ஸ்டர் என்பவரின் பாட்டோடு, புத்தகமாகப் போட்டவர்களும் இவர்களேதான். சாண்டாவின் வீடு வட துருவத்தில் என்ற செய்தியைப் பரப்பியதில் அந்தப் புத்தகத்துக்குப் பங்கு உண்டு. சிவப்புச் சட்டையைப் பரப்பியதிலும்தான். (சிவப்பு கோகோ கோலா கொடுத்தது என்று இன்னும் வாட்ஸ்அப்பில் வருகிறது. அவர்கள் விளம்பரத்துக்கு ஹேடன் சன்ட்ப்ளோம் சாண்டாவை வரையத் தொடங்கியது 1931இல். அதற்கு அறுபது வருடம் முன்னாலேயே மெக்லாஃப்லின் அச்சகம் சிவப்பு மை கொட்டியாயிற்று.) சாண்டாவின் பட்டறைக்கு வண்ணம் கொடுத்ததும், வண்ணமில்லாத தாளைப் பிள்ளைகளுக்கு விற்றதும் ஒரே கம்பெனி. அந்தக் கம்பெனியும் தொடக்கக் காலத்தில் தன் படங்களுக்குக் கையால் வண்ணம் ஏற்றியதுதான். வண்ண அச்சு இயந்திரங்கள் புரூக்ளினில் அவர்களுடைய பெரிய தொழிற்கூடத்தில் ஓடத் தொடங்கிய பிறகு அந்தக் கைகளுக்கு வேலை இல்லை. கூலிக்குத் தீட்டுவது முடிகிற இடத்தில் காசு கொடுத்துத் தீட்டுவது தொடங்குகிறது.

ஆனால் எல்லாப் பிள்ளைகளுக்கும் இல்லை. 1903இல் இரண்டு விஷயங்கள் நடந்தன. அமெரிக்காவில் பின்னி அண்ட் ஸ்மித் கம்பெனி, எட்டு வண்ணம் ஐந்து சென்ட் என்று கிரயோலா மெழுகுக் குச்சிகளை விற்பனைக்குக் கொண்டுவந்தது. தண்ணீர் வேண்டாம், தூரிகை வேண்டாம், சட்டையில் கொட்டாது. கலரிங் புத்தகம் ஏழை வீட்டுக்கும் எட்டியது இதனால்தான். அதே 1903 மார்ச்சில் ஜெர்மனி ஒரு சட்டம் போட்டது. தொழிற்சாலையில் மட்டும் இருந்த குழந்தைத் தொழிலாளர் கட்டுப்பாட்டை வீட்டுத் தொழிலுக்கும் நீட்டியது, சொந்தப் பிள்ளைகளை வேலை வாங்குவது உட்பட. சோன்னபெர்க், லௌஷா மாதிரி ஊர்களில் வீட்டுக்குள் புகுந்து யார் கண்காணிப்பது என்பது வேறு கேள்வி.

அமெரிக்காவில் நிலைமை மேல் என்று நினைக்க வேண்டாம். லூயிஸ் ஹைன் என்ற புகைப்படக்காரர் தேசியக் குழந்தைத் தொழிலாளர் குழுவுக்காக எடுத்த படங்கள் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் இருக்கின்றன, இணையத்தில் யாரும் பார்க்கலாம். 1912இல் நியூயார்க் குடியிருப்பு ஒன்றில் எடுத்த படங்களில் ஒரு குடும்பமே மேசையைச் சுற்றி உட்கார்ந்து பொம்மைச் சட்டை தைக்கிறது. அப்போது பிரபலமாயிருந்த கேம்ப்பெல் கிட்ஸ் பொம்மைகளுக்கு. அந்த மேசையில் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்கள் முகத்தில் எல்ஃப் சிரிப்பு இல்லை.

அதற்குப் பிறகு எல்ஃபின் கதை வேகமாக ஓடிவிடுகிறது. 1922 டிசம்பர் 2 சாட்டர்டே ஈவினிங் போஸ்ட் அட்டையில் நார்மன் ராக்வெல் வரைந்த சாண்டா களைத்துப்போய் நாற்காலியில் தூங்குகிறார், எல்ஃபுகள் பொம்மை வீட்டை முடித்துக்கொண்டிருக்கின்றன. 1932இல் டிஸ்னியின் குறும்படத்தில் பட்டறை முழுக்க அசெம்பிளி லைன் ஆகிவிட்டது. ஃபோர்டு கார் தொழிற்சாலையைப் பார்த்த தலைமுறைக்கு அதில் ஆச்சரியம் இருந்திருக்காது. 1964இல் வந்த ருடால்ஃப் தொலைக்காட்சிப் படத்தில் ஹெர்மி என்று ஒரு எல்ஃப். எனக்குப் பொம்மை செய்யப் பிடிக்கவில்லை, பல் டாக்டர் ஆகப்போகிறேன் என்று மேஸ்திரியிடம் சொல்லிவிட்டுக் கிளம்புகிறான். நான் பார்த்தவரையில் வேலையை விட்ட எல்ஃப் அவன் ஒருவன்தான். 2005இல் அமெரிக்காவில் அலமாரியில் உட்காரும் எல்ஃப் பொம்மை ஒன்று புத்தகத்தோடு வந்தது. அது பொம்மை செய்வதில்லை. பிள்ளைகளைக் கவனித்து ராத்திரி போய் சாண்டாவிடம் ரிப்போர்ட் கொடுக்கிறது. தொழிலாளிக்கு சூப்பர்வைசர் பதவி உயர்வு! நாஸ்ட் படத்தில் தொலைநோக்கி பிடித்த வேலையையும் முதலாளி இப்போது இவனிடம் ஒப்படைத்துவிட்டார்.

தாளின் கதையில் மிச்சம் இருப்பது தொழில்நுட்பம். பள்ளிகளில் ஊதா மையில் நகல் எடுக்கும் ஸ்பிரிட் டூப்ளிகேட்டர் 1923இல் ஜெர்மனியில் வந்தது. அமெரிக்காவில் இரண்டு மூன்று தலைமுறைப் பிள்ளைகள் அந்த ஊதாத் தாளில்தான் வண்ணம் தீட்டினார்கள். நம் ஊரில் சைக்ளோஸ்டைல், பிறகு ஜெராக்ஸ். 1988இல் எச்.பி. டெஸ்க்ஜெட் வந்தபோது விலை ஏறத்தாழ ஆயிரம் டாலர். விலை இறங்கி வீட்டுக்குள் வர ஏழெட்டு வருடம். 1993இல் பி.டி.எஃப். இந்த இரண்டும் சேர்ந்ததும் பதிப்பாளர், கடை, தபால் எல்லாம் நடுவிலிருந்து விலகிவிட்டன. அச்சகம் நம் வீட்டு மேசை மேல். காகிதம் நம்முடையது, மை நம்முடையது, வண்ணம் நம் பிள்ளையுடையது.

ஒரு விஷயம் மட்டும் இருநூறு வருடமாக மாறவில்லை. கோடு மூடியிருக்க வேண்டும். எந்த வண்ணம் எங்கே முடிகிறது என்பது யோசிக்காமலே கண்ணுக்குத் தெரிய வேண்டும். கம்ப்யூட்டரில் ஒரு வடிவத்துக்குள் நிறம் நிரப்பும் ஃப்ளட் ஃபில் நிரல் எழுதியவர்களுக்குத் தெரியும், கோட்டில் ஒரு பிக்சல் இடைவெளி இருந்தால் நிறம் கசிந்து பக்கம் முழுக்க ஓடிவிடும். லண்டன் மேசையில் சிவப்புக் கிண்ணம் வைத்திருந்த பிள்ளைக்கும் அதே விதி. வேகமாகப் போக வேண்டுமே.

மகளுக்கு இதையெல்லாம் அப்படியே சொல்லவில்லை. சொல்லவும் முடியாது, ஏழு வயது. "முன்னாடி எல்லாம் எல்ஃபுக்குக் கஞ்சி குடுப்பாங்களாம், வெண்ணெய் போட்டு. அதுதான் சம்பளம். இப்போ குடுக்குறதில்ல" என்று மட்டும் சொன்னேன்.

"ஏன் குடுக்குறதில்ல?"

"மறந்துட்டாங்கம்மா."

இந்த வருடம் மறுபடி பிரிண்ட் எடுத்தோம். ஐந்து பக்கத்தோடு மை தீர்ந்தது, அதுவும் நல்லதுக்குத்தான். ரயிலைத் தட்டும் எல்ஃபின் பக்கத்தில் கோட்டுக்கு வெளியே, காலியாக இருந்த இடத்தில், ஒரு கிண்ணம் வரைந்திருந்தாள். மஞ்சள் குச்சியைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"வெண்ணெய் மேல வைக்கணுமா, அடியில வைக்கணுமாப்பா?"

"மேலயே வைம்மா."